நொடிக்கொரு கேள்வி

சூசை கடலில் வலை வீசிக்கொண்டிருந்தார். படகின் மூலையில், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த அவருடைய கைபேசிக்குள் புயல் எச்சரிக்கைச் செயலி நொடிக்கொரு தரம் கேட்டுக்கொண்டிருந்தது: "கரையிலேருந்து சேதி வந்துச்சா?"

"வரல," என்றது ஆன்டெனா. காலையிலிருந்து ஆயிரக்கணக்கான தடவை இதையே சொல்லியாகிவிட்டது. "வந்தா நானே உன்னை எழுப்புறேன். நீ சும்மா இரு."

"நான் சும்மா இருந்தா சூசைக்கு யாரு பொறுப்பு? கேக்கறதுல என்ன கொறஞ்சு போச்சு?"

"நீ கேக்கற ஒவ்வொரு தடவையும் நான் கரைவரைக்கும் கூப்பிட்டுப் பாக்கணும். அதுக்கான தெம்பு கீழே இருக்கிற பேட்டரிகிட்டேருந்துதான் வருது."

"உனக்கும் கீழே ஒருத்தரா?"

செயலி அப்படி ஒருவரைப் பார்த்ததே இல்லை. அதனால் நம்பவும் இல்லை. மறுபடி கேட்டது.

மதியத்துக்கு மேல் பேட்டரி முதல் முறையாக வாய் திறந்தது. "இனி என்னால முடியலப்பா," என்றது. திரை அணைந்தது.

கரையிலிருந்து எச்சரிக்கை புறப்பட்டது அதற்குச் சற்றுப் பிறகுதான்.

காற்று திசை மாறியதும் சூசை பையைப் பிரித்துக் கைபேசியை எடுத்தார். கறுத்த திரையில் அவருடைய முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் மேகம் ஏறிக்கொண்டிருந்தது.