மாமா பேசிய சம்பளம்

“மாசம் இருபதாயிரமா? குழந்தையைப் பார்த்துக்கவா, இல்ல எங்க எல்லாரையும் சேர்த்துப் பார்த்துக்கவா?”

மாமனார் இப்படி ஆரம்பித்ததும் மருமகளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வேலை கேட்டு வந்திருந்த ஆயாம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. யாரிடமும் ஒட்டாத குழந்தை, தூக்கியதுமே அவள் தோளில் ஜொள்ளு விட்டுக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அப்பிக்கொண்டிருந்தது.

மருமகள் கட்டடக் கம்பெனி ஒன்றில் பிளான் வரைகிறவள். பிரசவ லீவு திங்கட்கிழமையோடு முடிகிறது. ஆயாவுக்குப் பதினைந்துக்கு மேல் ஆகுமென்றால் வேலையை விட்டுவிடுவது என்று அவளும் கணவனும் முடிவு செய்திருந்தார்கள். வீட்டுக் கடன் போக அதற்கு மேல் இழுக்க முடியாது. சரி என்று அவள் சொல்லிவிட்டாளே தவிர, அன்றிலிருந்து வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாமனாரோ ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். செருப்புக் கடைக்குப் போனால் ஒற்றைச் செருப்பு என்ன விலை என்று கேட்டுப் பேரத்தைத் தொடங்குகிற ஆள். அவரை ஹாலில் உட்கார வைத்ததே தப்பு.

குழந்தை பாதி நாள் தூங்குமே, அந்த நேரத்துக்கும் சம்பளமா என்று கேட்டார். முழித்திருக்கிற நேரத்துக்கு ரெட்டைச் சம்பளம் கேட்கவில்லையே என்றாள் ஆயாம்மா. பகலில் ஃபேன் ஓடுமே, அந்தக் கரண்ட்டை எந்தக் கணக்கில் எழுதுவது என்றார். ஆயாம்மா குழந்தையைக் கொடுத்துவிட்டு எழுந்தாள். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். மறுபடி ஏதோ சொன்னார். மறுபடி எழுந்தாள்.

கடைசியில் பதினைந்தில் வந்து நின்றது.

“சரிங்கய்யா. குழந்தை மூஞ்சிக்காக ஒத்துக்கறேன்” என்று பெருமூச்சு விட்டுவிட்டு ஆயாம்மா படியிறங்கிப் போனாள்.

மருமகளுக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் இருபதுதான் கொடுக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். சமையலறையில் பால் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த கணவனிடம் போய்ப் பொருமினாள். அப்பா அப்படித்தான், விடு என்று அவன் பாட்டிலையே பார்த்துச் சொன்னான்.

அவள் விடவில்லை. பர்ஸை எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள். கேட் பக்கத்தில் ஆயாம்மாவைப் பிடித்துவிட்டாள்.

“அக்கா, மாமா பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. என் கைச்செலவைக் குறைச்சு மாசாமாசம் ரெண்டாயிரம் நான் தனியாத் தர்றேன். வீட்ல யாருக்கும் தெரிய வேணாம்.”

ஆயாம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கேட் ஓரத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

“ஐயாவும் இதையேதாம்மா சொன்னாரு. யாருக்கும் தெரிய வேணாம்னு.”

மருமகளுக்குப் புரியவில்லை.

போன வாரமே அவர் ஆயாம்மாவின் வீட்டைத் தேடிக்கொண்டு போயிருக்கிறார். இருபது என்றதும் ஒரு வார்த்தை பேசாமல் தலையாட்டியிருக்கிறார். பதினைந்து அவர்கள் கொடுக்கட்டும், மீதி ஐந்து மாசாமாசம் என் பென்ஷனிலிருந்து வந்துவிடும் என்றிருக்கிறார்.

“நேரா குடுத்தா என் மருமக வாங்க மாட்டா, வேலையை விட்டுட்டு வீட்ல உக்காந்துடுவா. அவ கோடு போட்டாத்தான் கட்டடமே நிமிர்ந்து நிக்கும்னாரு. நான் கண்டபடி பேசுவேன், நீங்க கோவிச்சுக்கிட்டு ரெண்டு தடவை எந்திரிங்க, அப்பத்தான் நம்புவாங்கன்னாரு. ஒத்திகைகூடப் பார்த்தோம்மா. நான் சொன்னேன்னு மட்டும் காட்டிக்காதீங்க.”

மருமகள் பர்ஸை மூடினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாடியேறினாள்.

மாமனார் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“என்னம்மா, எனக்குத் தெரியாம கூடப் போட்டுக் குடுத்துட்டு வந்தியா?”

“இல்ல மாமா. நானும் பேசிப் பார்த்தேன். இன்னும் ரெண்டாயிரம் குறைச்சுக்கிட்டாங்க.”

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. மாமனார் அவளைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

“அது தப்பும்மா. உழைக்கிற மனுஷி வயித்துல இப்படியா அடிக்கிறது? இரு, ஓடிப்போய்க் கூப்பிட்டு ஏத்திக் குடுத்துட்டு வர்றேன்.”