சும்மா வந்த குதிரை

ஆட்டம் முடிந்ததிலிருந்தே நடுவருக்கு மனசு உறுத்தியது. ரேட்டிங்கில் எங்கேயோ அடியில் கிடந்த பெண்மணி, செஸ் சாம்பியனையே மண்ணைக் கவ்வ வைத்துவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை. சாம்பியன் காதைத் தடவிக்கொண்டே குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்தார், அவள் வெட்டவில்லை. மறுபடி காதைத் தடவி யானையைக் கொடுத்தார், அதையும் சீந்தவில்லை. வெட்டியிருந்தால் வசமாக மாட்டியிருப்பாள்.

சைகையேதான்!

இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டுதானே ஆடினீங்க?"

"நாங்க பேசியே வருஷக்கணக்காச்சு சார்" என்றாள் அவள்.

"அப்போ பழக்கம் உண்டு! காதைத் தடவினா என்ன அர்த்தம்? மரியாதையா சொல்லிடுங்க."

"ஏமாத்தப் பாக்கறார்னு அர்த்தம் சார். விவாகரத்து கேஸ்லயே ஜட்ஜ்கிட்ட தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். அவர் நம்பவே இல்ல."

நடுவர் திகைத்துப்போய் சாம்பியனைப் பார்த்தார்.

"முன்னாள் மனைவிதான் சார், இல்லேங்கல. ஆனா இவ சொல்றது சுத்தப் பொய். எனக்கு அப்படி ஒரு பழக்கமே கிடையாது!" என்றார் சாம்பியன், காதைத் தடவிக்கொண்டே.