பிசுக்கு

லென்ஸ் பாதி தூரம் வெளியே வந்து நின்றுவிட்டது.

உள்ளே எதுவோ கரகரவென்று அரைபட்டது. பச்சை விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்தது.

“ஈரம் இறங்கியிருக்குண்ணே” என்றான் அழகுராஜா, கேமராவைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்து. “மழையில நனைஞ்சுச்சா?”

“நனையல. பீரோவுக்குள்ளதான் இருந்துச்சு. பின்னாடி சுவரு ஓதம்.”

ஹரிராம் சொன்னது பொய்யில்லை. அந்த ஐப்பசி மழைக்குத் திருநகர் வீட்டுச் சுவரெல்லாம் ஊறிப்போய்ச் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. பீரோவின் மேல்தட்டில், வேட்டிகளுக்குப் பின்னால், கேமராவை அவனேதான் ஒளித்துவைத்திருந்தான். மனைவி இந்துப்ரியாவின் கண்ணில் அது படக் கூடாது.

இன்று காலை அவள் குளிக்கப் போயிருந்தபோது எடுத்து அமுக்கிப் பார்த்தான். திரை இருண்டே கிடந்தது. பேட்டரி மாற்றினான். ஊதினான். வேட்டி நுனியால் துடைத்தான். ஒன்றும் பலிக்கவில்லை.

சாயப்பொடிக் கடையைத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, சிம்மக்கல்லுக்கு பஸ் ஏறினான்.

அழகுராஜா உசிலம்பட்டிக்காரன். கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கப் போய்ப் போய் ரிப்பேர் வேலையும் பழகிக்கொண்டவன். மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆளும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் கொள்கிற அளவுக்குத்தான் கடை. ஹரிராம் வெளியே நின்றான், முதுகைச் சாரலுக்குக் கொடுத்தபடி. “உள்ள இருக்கிற படம் போயிருமா?” என்றான்.

“கவலைப்படாதீங்க. கார்டை உருவிக் கம்ப்யூட்டர்ல போட்டா படம் வந்துரும்.” மூடியைத் திறந்த அழகுராஜா நிமிர்ந்து பார்த்தான். “கார்டே போடலையேண்ணே.”

மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கேமரா. கார்டு என்று ஒன்று தனியாக வாங்க வேண்டும் என்பதே படம் பிடித்த அன்றைக்கு ஹரிராமுக்குத் தெரியாது.

“அப்ப எல்லாம் கேமராவுக்குள்ளயேதான் இருக்கு. இது முழிச்சாத்தான் படம்.”

திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று ஒரு டப்பா மூடியில் விழுந்தன. தலைமுடி காயவைக்கும் மிஷினைத் தள்ளிப் பிடித்து, சூடு படாமல் காற்று மட்டும் போகும்படி காட்டினான். பொறுத்துப் பார்த்தான். லென்ஸ் அசையவில்லை.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தைத் துடைத்தான்.

பஞ்சு மஞ்சளாக வந்தது.

முகர்ந்து பார்த்தான். முகம் சுளித்தான். அப்புறம் சிரித்தான்.

“ஓதமெல்லாம் இல்லண்ணே. தண்ணின்னா காஞ்சு போயிரும். இது பிசுபிசுன்னு ஒட்டிக்கெடக்கு, புளிச்ச வாடை வேற. பாலு. வீட்ல கைப்புள்ள இருக்கோ?”

ஹரிராம் அந்தப் பஞ்சையே பார்த்தான்.

வீட்டில் பால் வாங்குவதையே நிறுத்தியிருந்தார்கள். காப்பி போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை. பிறந்ததுமே கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மாடியில் கிடந்த இந்துப்ரியாவால் எழுந்திருக்க முடியவில்லை, வயிற்றில் தையல். ஹரிராம்தான் கீழே போய்ப் படம் பிடித்துக்கொண்டு வந்து காட்டினான்.

தீப்பெட்டி அகலத் திரையில் அவள் தன் பிள்ளையைப் பார்த்தாள். விரலால் தடவிக் கொடுத்தாள்.

தூக்கிப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த பிறகு அவள் கேமராவைக் கேட்கவே இல்லை. பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பால் வற்றுவதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அவன் வாங்கித் தலைமாட்டில் வைத்தான். போட்டாளா என்று கேட்க நா எழவில்லை. மறக்கப் பார்க்கிறாள், மறக்கட்டும் என்று அவனும் வாயைக் கட்டிக்கொண்டான்.

அவன் கடைக்குப் போன பகல்களில் அவள் பீரோவைத் திறந்திருக்கிறாள்.

எடுத்துப் பார்த்திருக்கிறாள். நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். பால் கசிந்து நனைந்ததைச் சேலையில் துடைத்துவிட்டு, வேட்டிகளின் மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்திருக்கிறாள்.

அவனுக்குத் தெரியக் கூடாது என்று.

“அண்ணே?”

“இருக்கு” என்றான் ஹரிராம். “கைப்புள்ளதான்.”

“அதானே பாத்தேன்.”

அழகுராஜா இன்னொரு பஞ்சை எடுத்தான். அவசரப்படாமல், வளையத்தின் இடுக்கிலெல்லாம் விட்டுத் துடைத்தான். காய்ந்த பிசுக்கு துணுக்குத் துணுக்காகக் கழன்று வந்தது. அந்தப் பஞ்சுகளை அவன் குப்பைக் கூடையில் போடுவதை ஹரிராம் பார்த்துக்கொண்டே நின்றான். தடுக்க வேண்டும்போல இருந்தது. என்ன சொல்லித் தடுப்பது?

அழகுராஜா பேட்டரியைப் போட்டு அமுக்கினான். அரைபடும் சத்தம் இல்லை. லென்ஸ் முழுக்க வெளியே வந்தது. திரை வெளுத்து, கலங்கி, மெல்லத் தெளிந்தது.

கண்ணாடிப் பெட்டி. உள்ளே, மூக்கில் குழாயோடு, ரெண்டு கையையும் இறுக மூடிக்கொண்டு ஒரு சிசு.

“இம்புட்டூண்டு இருக்கு” என்றான் அழகுராஜா. குரல் தானாகவே இறங்கியிருந்தது, தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுகிறவனைப் போல. “மொதல்ல இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திருவோம்ண்ணே. இனி தொலையாது. பாப்பா பேரு என்ன? அந்தப் பேர்லயே போட்டு வைக்கிறேன்.”

விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டு அவன் காத்திருந்தான்.

பேர் வைக்கிற நாள்வரைக்கும் பிள்ளை இருக்கவில்லை.

“அவங்க அம்மாகிட்டக் கேட்டுட்டு வாரேன்” என்றான் ஹரிராம்.