விற்பனைக்கு ஒரு பொந்து

ஆற்றோர நாவல் மரத்துப் பொந்தை விற்றுவிட்டு அக்கரை மாந்தோப்புக்குக் குடிபோவதென்று ஆண் அணில் முடிவு செய்தது. தரகர் மரங்கொத்தி வந்து உள்ளேயும் வெளியேயும் தட்டிப் பார்த்தார்.

"கூரை ஒழுகுது. வாசல் குறுகல். போதாததுக்கு எறும்பு வேற. இப்படியே காட்டினா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க."

ஆண் அணில் அன்றே வேலையில் இறங்கியது. கூரை ஓட்டையைப் பிசின் வைத்து அடைத்தது. வாசலைக் கொறித்து அகலமாக்கியது. வேப்பிலை போட்டு எறும்பை விரட்டி, தரை முழுக்க இலவம்பஞ்சு விரித்தது. எல்லாம் இரண்டே நாளில் முடிந்தது.

பெண் அணில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. கூரை ஒழுகுகிறதென்று அது மூன்று மழைக்காலமாகச் சொல்லிவந்தது. வயிற்றில் குட்டிகளோடு வாசலில் சிக்கிக்கொண்டு அரைநாள் கத்தியிருக்கிறது. அப்போதெல்லாம் கிடைத்த பதில், "பார்த்துக்கலாம், இப்ப என்ன அவசரம்?"

மூன்றாம் நாள் கொட்டுகிற மழையில் ஒரு மைனா ஜோடி வீடு பார்க்க வந்தது. பெண் அணில் துளிகூட நனையாமல் பஞ்சின்மேல் கால் நீட்டிப் படுத்திருந்தது.

"எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எப்பங்க காலி பண்றீங்க?" என்று கேட்டது பெண் மைனா.

"விக்கிறதா இல்லைங்க" என்றது பெண் அணில்.

ஆண் அணில் பதறிப்போனது. "என்னடி இது? அக்கரையில இடமே பார்த்தாச்சு!"

"நீங்க போய் இருங்க. நான் இந்த வீட்டுக்கு நேத்துதான் குடிவந்திருக்கேன்."