கடைசி இலக்கம் எட்டு

வாட்ஸ்அப்பில் ஒரு பொய் வந்துவிட்டால் இராயப்பனுக்குச் சோறு இறங்காது. பினாங்குத் துறைமுகத்தில் முப்பது வருடம் சரக்குச் சீட்டுகளைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். அதனாலேயே உலகத்தைச் சரிபார்க்கும் பொறுப்பும் தம் தலையில்தான் விடிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை மாதா கோவில் பங்குக் குழுவில் வந்தது ஒரு வீடியோ. கைப்பேசியில் ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என்று அழுத்துங்கள். பதினைந்து இலக்க எண் ஒன்று வரும். கடைசி இலக்கம் ஐந்தைத் தாண்டினால் கதிர்வீச்சு உங்கள் மூளையைத் தின்றுகொண்டிருக்கிறது என்றது அது. தங்கையின் போனிலிருந்து அதை அனுப்பியவள் வெரோனிக்கா, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். கதிர்வீச்சுக்குப் பயந்து அவளே பட்டன் போனுக்கு மாறிவிட்டாள் என்று பேச்சு.

அடுத்து கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் என்று எதையாவது விற்க வருவாள் என்பதில் இராயப்பனுக்குச் சந்தேகமே இல்லை. மறுவாரம் பங்குப் பேரவைத் தலைவர் தேர்தல் வேறு. மோசடிக்காரியை ஊரறியப் பிடித்துக் கொடுத்தால் ஓட்டெல்லாம் தமக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்தில் சோதனையை வைத்தார். டீயும் கையுமாகக் கூட்டம் சேர்ந்தது. ஒவ்வொருவராக எண்ணைக் காட்ட, வெரோனிக்கா நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். ஒன்பதில் முடிந்த அமலம்மாள் டீயைக் கீழே வைத்துவிட்டு ஜெபமாலையை எடுத்தார்.

இராயப்பன் தமது கைப்பேசியை உயர்த்திக் காட்டினார். சிங்கப்பூரிலிருந்து மகன் டேரன் அனுப்பியது என்று மூன்று மாதமாக அவர் பெருமையடித்துக்கொண்டிருக்கும் கைப்பேசி.

"எனக்கும்தான் எட்டு. என் மூளை என்ன கெட்டுப்போச்சா? எல்லாம் பொய்லா."

"முழுசா வாசிங்க அண்ணே, எழுதிக்கிறேன்," என்றாள் வெரோனிக்கா.

சரக்குச் சீட்டை வாசிக்கும் அதே நிதானத்தில் பதினைந்து இலக்கங்களையும் உரக்க வாசித்தார்.

"நீங்க சொன்னது சரிதான் அண்ணே. வீடியோ பொய்தான். நான்தான் செஞ்சேன்."

கூட்டம் கைதட்டியது. இராயப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

"அது கதிர்வீச்சு இல்ல, போனோட அடையாள நம்பர். சிம்மை மாத்தினாலும் மாறாது," என்றபடி வெரோனிக்கா பையிலிருந்து ஒரு காலி அட்டைப்பெட்டியை எடுத்து, மூன்று மாதத்துக்கு முன் திருவிழா அன்று இதே மண்டபத்தில் காணாமல் போன தன் கைப்பேசிக்கு அதில் அச்சிட்டிருந்த எண்ணை, அவர் வாசித்த அதே நிதானத்தில், கடைசி எட்டு வரைக்கும் வாசித்தாள்.