கோலாலம்பூரில் சுண்ணாம்புக் கோடு

இரண்டாயிரத்து மூன்றில் கோலாலம்பூர் போனேன். அங்கே வேலை பார்க்கும் மகன் அல்தாப் மிரட்டினான்: “அத்தா, தனியாப் போயித் தொலஞ்சீக, அடுத்த பிளைட்டுல நம்ம ஊரு கம்பத்துக்கே ஏத்திருவேன்.”

ஊர் பார்க்க வந்தவன் அறையிலா கிடப்பேன்? முதுகுப்பையை மாட்டிக் கிளம்பினேன். வழி சொல்கிற எவனையும் நான் நம்புவதில்லை. தோப்பில் வெட்டுமரத்துக்கு அடையாளம் போடுகிற மாதிரி, ஒவ்வொரு திருப்பத்திலும் வெற்றிலைச் சுண்ணாம்பால் சுவரில் இரண்டு கோடு இழுத்தேன். இரட்டைக் கோபுரம், சீனர் கடைவீதி எல்லாம் பார்த்தேன்.

திரும்பும்போது மழை கொட்டி என் கோடுகளை அழித்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும், மாடி உயரத்தில், வேறு இரண்டு கோடு இருந்தது. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அதைப் பார்த்தே வீடு சேர்ந்தேன்.

“யாருட்ட வழி கேட்டீக?”

“எவன்ட்டயும் கேக்கலலே. என்னையவா பிளைட்டு ஏத்துவ?”

மறுநாள் கையை வீசிக்கொண்டு இன்னும் தூரம் போனேன். போகிற திருப்பத்திலெல்லாம், மாடி உயரத்தில், எனக்கு முன்னாலேயே கோடு போட்டிருந்தது.