பெட்டியின் நீளம்

கேமரா விளக்கில் கூடமே கூசுகிறது. எதிரியின் சிறைமுகாமில் வயிற்றுப்போக்கில் செத்துப்போன சிப்பாய், அமைச்சரின் மைக்கில் சிங்கமாகக் கர்ஜித்துக்கொண்டிருக்கிறான். அவனைப் பெற்றவளோ, கொடி போர்த்திய பெட்டியை முழம் போட்டுப் பார்க்கிறாள். "குட்டையா இருக்கேய்யா. எம்புள்ள பனைமர உசரமாச்சே. ஒரு தடவை தெறந்து காட்டுங்க." பட்டாள அதிகாரி குனிந்து, "அரசாங்கச் சீலும்மா, தெறக்கக் கூடாது," என்கிறார். "பெத்தவளுக்குமா சீலு?" பதிலுக்கு அவர் விறைப்பாக ஒரு சல்யூட் வைக்கிறார். "அத்தை, எல்லாரும் பாக்குறாங்க," என்று மருமகள் கையைப் பிடிக்கிறாள். கேமராக்காரன், "அம்மா, பெட்டி மேல சாஞ்சு அழுதீங்கன்னா நல்லாருக்கும்," என்கிறான். அவள் சாய்கிறாள். பலகையில் வாயை வைத்து, யாருக்கும் கேட்காமல், "யாரு பெத்த புள்ளப்பா நீ?" என்கிறாள்.